ஹெப்தலைட்டுகள்: ஈரானிடம் கப்பம் வாங்கியவர்கள்

குப்தப் பேரரசு ஏன் சரிந்தது என்று கேட்டால், பள்ளிக்கூடத்தில் படித்த பதிலில் ‘ஹூணர் படையெடுப்பு’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்த ஹூணர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்பதைப் பாடப்புத்தகம் அதற்குமேல் பேசாது. கொஞ்சம் தேடிப் படித்தவர்கள் ‘வெள்ளை ஹூணர்கள், அதாவது ஹெப்தலைட்டுகள்’ என்று சொல்வார்கள். இந்த ‘அதாவது’வில்தான் சிக்கல் இருக்கிறது. இந்தியாவுக்குள் வந்து மாளவம் வரை போனவர்களும் ஹெப்தலைட்டுகளும் ஒரே கூட்டம் இல்லை என்பதை நாணயங்களை வைத்தே இன்று காட்ட முடிகிறது. அதை அப்புறம் பார்ப்போம். முதலில் உண்மையான ஹெப்தலைட்டுகளின் கதை. அது இந்தியாவில் நடக்கவில்லை. இன்றைய வட ஆப்கானிஸ்தானில், பல்க்குக்கும் குந்தூஸுக்கும் இடைப்பட்ட பாக்திரியாவில் நடந்தது.

5ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பெயர் வெளியே கேட்கத் தொடங்குகிறது. 456இல் இவர்களுடைய தூதர்கள் வட சீனாவின் வெய் அரசவைக்குப் போயிருக்கிறார்கள். சீனர்கள் இவர்களை ‘யெடா’ என்றார்கள். பூர்வீகம் பற்றிச் சீன நூல்களே ஒன்றுக்கொன்று முரணாகப் பேசுகின்றன. ஒன்று யூவேசி என்ற பழைய நாடோடி இனத்தின் கிளை என்கிறது, இன்னொன்று அல்தாய் மலைப்பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்கிறது. பூர்வீகச் சண்டையில் நான் அதிக நேரம் செலவழிக்கப் போவதில்லை. இவர்கள் செய்த காரியம்தான் அதைவிடச் சுவாரசியமானது. அன்றைய உலகின் இரண்டு பெரிய வல்லரசுகளில் ஒன்றான சசானிய ஈரானை மண்டியிட வைத்து, பல பத்தாண்டுகள் கப்பம் கட்ட வைத்தார்கள்.

அதற்குக் கதவைத் திறந்துவிட்டதும் ஓர் ஈரானிய மன்னன்தான். 457இல் தந்தை இறந்ததும் பேரோஸுக்கும் அவன் சகோதரன் ஹோர்மிஸ்துக்கும் அரியணைச் சண்டை வந்தது. பேரோஸ் கிழக்கே போய் ஹெப்தலைட்டுகளின் படை உதவியோடு திரும்பி வந்து, 459இல் ஆட்சியைப் பிடித்தான். ஆட்சிக்கு வந்தபின் உதவி செய்தவர்களையே ஒடுக்கக் கிளம்பினான். முதல் முயற்சியில் மலைகளுக்கு நடுவே வழியில்லாத ஒரு பள்ளத்தாக்கில் படையோடு மாட்டிக்கொண்டான். கிழக்கு ரோமப் பேரரசின் தூதர் ஒருவரும் அப்போது அந்தப் படையோடு இருந்தார். உயிரோடு போக வேண்டுமானால் ஹெப்தலைட் அரசனின் காலில் விழ வேண்டும், இனி படையெடுக்கமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும் என்றார்கள். ஈரானின் மன்னாதி மன்னன் அடுத்தவன் காலில் விழுவதா? குருமார்கள் வழி சொன்னார்கள்: விடியற்காலையில் கிழக்கே பார்த்து விழுங்கள், உதிக்கிற சூரியனைக் கும்பிட்டதாக நீங்கள் நினைத்துக்கொள்ளலாம். 6ஆம் நூற்றாண்டில் எழுதிய ரோம வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் இதை எழுதி வைத்திருக்கிறார்.

இன்னொரு முறை அவன் சிறைப்பட்டபோது விலை இன்னும் அதிகம். 30 கோவேறு கழுதைகள் சுமக்கும் அளவு வெள்ளிக்காசு தருவதாக ஒப்புக்கொண்டான். நாடு முழுக்கத் திரட்டியும் 20 கழுதைச் சுமைதான் தேறியது. மிச்சம் பத்துக்குத் தன் மகன் கவாதைப் பிணையாக விட்டுவிட்டு ஊர் திரும்பினான். தலைக்கு இவ்வளவு என்று மக்கள்மேல் வரி போட்டுத்தான் அந்தப் பாக்கியை அடைக்க முடிந்தது. இந்தக் கழுதைச் சுமைகளை மறந்துவிட வேண்டாம். மத்திய ஆசியாவின் பணப் புழக்கத்தையே அவை மாற்றின.

484இல் பேரோஸ் மறுபடியும் கிளம்பினான். எல்லையில் நின்ற ஒரு கோபுரத்தைத் தாண்டமாட்டேன் என்று அவன் சத்தியம் செய்திருந்தான். அரபியில் எழுதிய வரலாற்றாசிரியர் தபரி சொல்லும் கதைப்படி, 50 யானைகளையும் 300 ஆட்களையும் வைத்து அந்தக் கோபுரத்தையே பெயர்த்துப் படைக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போனான். கோபுரம் முன்னால் போகிறது, நான் பின்னால்தானே வருகிறேன் என்பது கணக்கு. எதிர்த்தரப்பு செய்ததும் கவனிக்க வேண்டியது. பேரோஸ் முன்பு எந்த உப்பின்மேல் சத்தியம் செய்தானோ, அந்த உப்பை ஹெப்தலைட் அரசன் தன் கொடியில் கட்டித் தொங்கவிட்டான். உப்பை வைத்துச் செய்த சத்தியத்தை மீறுவது எவ்வளவு பெரிய பழி என்று நமக்கு விளக்கத் தேவையில்லை. அந்தப் போர்க்களத்தில் இருந்த இரண்டு தரப்புக்கும் அது புரிந்திருக்கும்.

போர் என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் நடக்கவில்லை. சமவெளியில் நீளமாக ஆழமான அகழி வெட்டி, நாணல் பரப்பி, மேலே மண்ணைத் தூவி மறைத்திருந்தார்கள். நடுவில் பத்துக் குதிரைகள் போகிற அளவுக்கு மட்டும் ஒரு பாதை. ஹெப்தலைட் வீரர்கள் தோற்று ஓடுவதுபோல அந்தப் பாதையில் ஓட, துரத்தி வந்த ஈரானியக் குதிரைப்படை அப்படியே குழிக்குள் போனது. பேரோஸும் அவன் மகன்கள் பலரும் அதில் மாண்டார்கள். மகள் ஒருத்தி சிறைப்பட்டு ஹெப்தலைட் அரசனுக்கு மனைவியானாள். மெர்வ் நகர் உட்பட கிழக்குப் பகுதிகள் ஈரானின் கையைவிட்டுப் போயின. ஆண்டுதோறும் கப்பம் தொடங்கியது.

கப்பம் வாங்கியதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. அடுத்த தலைமுறையில் ஈரானின் அரியணையில் யார் உட்காருவது என்பதையே இவர்கள் முடிவு செய்தார்கள். பிணையாக இருந்த கவாத் 488இல் மன்னனானான். 496இல் பிரபுக்களும் குருமார்களும் அவனை இறக்கிச் சிறையில் போட்டார்கள். அவன் மனைவியின் உடையைப் போட்டுக்கொண்டு தப்பித்தான் என்பது புரோகோப்பியஸ் தரும் கதை. தப்பித்தவன் ஓடியது சிறுவயதில் பிணையாக இருந்த அதே ஹெப்தலைட் அரசவைக்கு. அங்கே அரசனின் மகளை மணந்து, அவர்களுடைய படையோடு இரண்டு மூன்று ஆண்டுகளில் திரும்பி வந்து ஆட்சியை மீட்டான். அந்த உதவிக்குப் பணம் கொடுக்க வேண்டும். ரோமப் பேரரசர் அனஸ்தாசியஸிடம் கடன் கேட்டான், கிடைக்கவில்லை. 502இல் ரோமப் பேரரசின்மீது போர் தொடுத்து, மூன்று மாதம் முற்றுகையிட்டு அமிடா நகரைப் பிடித்தான். இன்றைய துருக்கியில் இருக்கும் தியார்பகிர்தான் அந்த அமிடா. அங்கே ஈரானியப் படையில் ஹெப்தலைட் வீரர்களும் இருந்தார்கள். பல்க்கில் கட்ட வேண்டிய கடனுக்கு டைகிரிஸ் கரையில் ஓர் ஊர் அழிந்தது.

சரி, இவ்வளவு பலம் எப்படி வந்தது? குதிரை, வில், போர்த் தந்திரம் என்று சொல்லிவிடலாம். புல்வெளியிலிருந்து வந்த எல்லாக் கூட்டத்துக்கும் அவை இருந்தன. ஹெப்தலைட்டுகளின் தனித்தன்மை வேறொன்று என்பது என் எண்ணம். பிடித்த நாட்டில் எதையும் அவர்கள் மாற்றவில்லை. உள்ளூர் அரசன், எழுத்தர், மொழி, காசு, கோயில், மடம் எல்லாம் இருந்தபடியே இருந்தன. மேலே உட்கார்ந்து வரியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அவர்களுடைய பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருந்தன.

இதற்கு நேரில் பார்த்த சாட்சி உண்டு. வெய் அரசு பௌத்த நூல்களைத் தேடி அனுப்பிய சோங் யுன் என்ற தூதர் 519இல் ஹெப்தலைட் அரசனைச் சந்தித்தார். சுவர் கட்டிய ஊர் எதுவும் இவர்களுக்குக் கிடையாது, கோடையில் குளிர்ந்த இடத்துக்கும் குளிர்காலத்தில் வெதுவெதுப்பான இடத்துக்கும் போகிறார்கள் என்று குறித்திருக்கிறார். அரசன் இருந்தது கம்பளியை அழுத்திச் செய்த நமுதாவால் ஆன பெரிய கூடாரம், பக்கத்துக்கு 40 தப்படி. சுவர்களெல்லாம் கம்பளங்கள். பூவேலை செய்த பட்டு உடுத்தி, பீனிக்ஸ் பறவை வடிவக் கால்கள் வைத்த பொன் கட்டிலில் அரசன் உட்கார்ந்திருந்தான். அரசியின் தலையில் நீளமான கொம்பு வைத்த அணி, தரையில் புரளும் ஆடை, அதைத் தூக்கிப் பிடிக்க ஆட்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இவனுக்குக் கப்பம் கட்டுகின்றன என்கிறார். வெய் பேரரசரின் கடிதத்தை அரசன் இரண்டு முறை வணங்கி, மண்டியிட்டு வாங்கிக்கொண்டான். இவர்களுக்கு எழுத்தே தெரியாது என்பதும் சோங் யுன் தரும் தகவல்.

எழுத்துத் தெரியாதவர்கள் நாற்பது நாட்டிடம் எப்படிக் கணக்கு வைத்து வரி வாங்கினார்கள்? இதற்குப் பதில் 1990களில் பெஷாவர் சந்தைக்கு வந்த தோல் சுருள்களில் இருந்தது. பல்க்குக்குத் தெற்கே மலைப்பகுதியில் ரோப் என்று ஒரு சிறு அரசு இருந்தது. அங்கே எழுதப்பட்ட கடிதங்களும் பத்திரங்களும் நூற்றுக்கும் மேல் கிடைத்தன. பாக்திரிய மொழி, கிரேக்க எழுத்து. லண்டன் பேராசிரியர் நிக்கோலஸ் சிம்ஸ்-வில்லியம்ஸ் பல ஆண்டுகள் உட்கார்ந்து அவற்றைப் படித்துக் கொடுத்தார். 4ஆம் நூற்றாண்டு முதல் 8ஆம் நூற்றாண்டு வரை ஒரு வட்டாரத்தின் அன்றாட வாழ்க்கை அதில் தெரிகிறது.

பத்திரம் எழுதும் முறையைப் பாருங்கள். ஒரே தோலில் ஒரே வாசகத்தை இரண்டு முறை எழுதுவார்கள். ஒரு பிரதியை இறுகச் சுருட்டிக் கயிறு கட்டி, களிமண் வைத்து, சம்பந்தப்பட்டவர்களும் சாட்சிகளும் முத்திரை குத்துவார்கள். இன்னொரு பிரதி யாரும் படிக்கும்படி கீழே திறந்து தொங்கும். பின்னால் தகராறு வந்தால் முத்திரையை உடைத்து உள்ளே இருப்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். இவ்வளவு தேர்ந்த எழுத்தர்கள் ஊரூருக்கு இருந்தார்கள். ஹெப்தலைட் காலத்துப் பத்திரங்களில் அவர்களுக்குச் சேரவேண்டிய வரி பற்றிய பேச்சு வருகிறது. ஆனால் எழுதும் முறையோ வட்டாரப் பிரபுக்களின் வரிசையோ மாறவில்லை. கூடாரத்தில் இருந்த அரசனுக்கு எழுதத் தெரிய வேண்டிய தேவை இல்லை. அவனுக்காக எழுதும் நாடு ஒன்று கீழே இருந்தது.

இந்தச் சுருள்கள் எந்த இடத்தில், எந்த அறையில் தோண்டி எடுக்கப்பட்டன என்பது பதிவாகவில்லை. ஆப்கானிஸ்தானின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் திருட்டுத்தனமாகத் தோண்டி விற்றவை இவை. படிக்கக் கிடைத்ததே என்ற நன்றியும், கூடவே புதைந்திருந்தவை சிதறிப்போயினவே என்ற வேதனையும் சேர்ந்தே வருகின்றன.

காசு விஷயமும் இதே கதைதான். பேரோஸ் கொடுத்த மீட்புப் பணமும் பின்னால் வந்த கப்பமும் ஈரானிய வெள்ளிக்காசாக மத்திய ஆசியாவில் குவிந்தன. பேரோஸின் காசு கிழக்கே வணிகர்கள் நம்பி வாங்கும் காசானது. சீனாவின் சீனிங் நகரில் 1956இல் கிடைத்த ஒரு புதையலில் மிஞ்சிய 76 காசும் பேரோஸுடையவை. ஹெப்தலைட்டுகள் சொந்தமாக அடித்தபோதும் பெரும்பாலும் தங்கள் அரசனின் முகத்தைப் போடவில்லை. தாங்கள் கொன்ற மன்னனின் முகத்தையே, சிறகு வைத்த அவன் மகுடத்தோடு பதித்தார்கள். தங்கள் பெயரின் முதல் இரண்டு எழுத்தை மட்டும் பாக்திரிய எழுத்தில் ஓரமாகச் சேர்த்துக்கொண்டார்கள். பெருமையைவிடப் பணம் செல்லுபடியாவது முக்கியம் என்று நினைத்திருக்கிறார்கள்.

இவர்களுடைய வழக்கங்களைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் வெளியாட்கள். வசதியானவன் இருபது பேரையோ அதற்கு மேலோ நண்பர்களாகச் சேர்த்துக்கொள்வான், அவர்கள் அவன் சொத்தில் பங்கு கொள்வார்கள், அவன் இறந்தால் உயிரோடு கூடவே புதைக்கப்படுவார்கள் என்கிறார் புரோகோப்பியஸ். சீன நூல்கள் அதிர்ச்சியோடு குறித்தது வேறு: அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஒரே பெண்ணை மணப்பார்கள், எத்தனை சகோதரர்களோ அத்தனை கொம்பு அவள் தொப்பியில் இருக்கும். இதைப் பல நாள் ஹெப்தலைட்டுகளின் விசித்திரம் என்றே எழுதி வந்தார்கள். ரோப் சுருள்களில் மிகப் பழைய ஒன்று 4ஆம் நூற்றாண்டின் திருமண ஒப்பந்தம். பாப், பீதூக் என்ற இரண்டு சகோதரர்கள் ராலீக் என்ற ஒரே பெண்ணை மணக்கிறார்கள். ஹெப்தலைட்டுகள் வருவதற்கு நூறு ஆண்டுக்கும் முந்திய பத்திரம் அது. ஆக, அந்த மலைநாட்டில் ஏற்கெனவே இருந்த வழக்கத்தைத்தான் சீனர்கள் இவர்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இப்போது இந்தியாவுக்கு வருவோம். இந்துகுஷ் மலைக்கு இருபுறமும் அந்த இரண்டு நூற்றாண்டுகளில் ஹூணர் என்று சொல்லப்பட்ட கூட்டங்கள் பல இருந்தன: கிடாரர்கள், அல்கான்கள், நெசாக்குகள், ஹெப்தலைட்டுகள். நாணயவியலாளர் ராபர்ட் கோப்ல் 1967இல் வெளியிட்ட ஆய்வில் இவர்களுடைய காசுகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். காந்தாரத்தையும் பஞ்சாபையும் பிடித்து மத்திய இந்தியா வரை வந்த தோரமாணனும் அவன் மகன் மிகிரகுலனும் அல்கான்கள். அல்கான் அரசர்கள் சிலரின் தலை காசில் நீண்டு உயர்ந்து காணப்படும். குழந்தையிலேயே தலையைத் துணியால் இறுக்கிக் கட்டி அப்படி வளர்ப்பது அவர்கள் வழக்கம். ஹெப்தலைட் காசுகளில் அந்தத் தலை இல்லை. பெயர்க் குழப்பம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு ஒரு சான்று: இன்றைய பாகிஸ்தானின் ஸ்வாத்தில் கிடைத்து இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் வேட்டைக் காட்சி வெள்ளிக் கிண்ணத்துக்கு ‘ஹெப்தலைட் கிண்ணம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதில் குதிரைமேல் இருப்பவர்கள் கிடாரர்களும் நீள்தலை அல்கான்களும்.

குழப்பத்தில் பழைய சாட்சிகளுக்கும் பங்கு உண்டு. காந்தாரத்து அரசனை யெடாக்கள் இரண்டு தலைமுறைக்கு முன் அங்கே வைத்ததாகச் சோங் யுன்னே எழுதுகிறார். அந்த அரசனிடம் 700 போர் யானைகள் இருந்தனவாம், பேரரசரின் கடிதத்தை எழுந்து நிற்காமல் வாங்கினானாம். இரண்டு கூட்டங்களுக்கும் உறவும் கூட்டணியும் இருந்திருக்கலாம். ஆனால் குப்தர்களோடு மோதியதை எல்லாம் ஹெப்தலைட் கணக்கில் எழுதுவது தவறு.

தோரமாணனின் முதல் ஆட்சியாண்டு, மத்தியப் பிரதேசத்து ஏரணில் நிற்கும் பெரிய வராகச் சிலையின்மேல் பொறிக்கப்பட்டிருக்கிறது. மிகிரகுலனை மாளவத்து யசோதர்மன் தோற்கடித்ததை மந்தசோர்த் தூண் சொல்கிறது. சிவன் ஒருவனைத் தவிர யாருக்கும் வணங்காத தலையை வணங்க வைத்தேன் என்பது அந்தத் தூணின் பெருமிதம். பௌத்த நூல்களில் இதே மிகிரகுலன் மடங்களை இடித்த கொடியவன். கல்ஹணர் 12ஆம் நூற்றாண்டில் எழுதிய காஷ்மீர் வரலாற்றில் நம் பக்கமும் அவன் வந்துபோகிறான். தன் அரசி அணிந்திருந்த சிங்களத் துணி ரவிக்கையில் அந்நாட்டு மன்னனின் பாத முத்திரை இருந்ததைப் பார்த்துக் கொதித்து, இலங்கைமேல் படையெடுத்து வென்று, திரும்பும் வழியில் சோழரையும் கர்நாடரையும் சிதறடித்தானாம். கல்வெட்டோ காசோ எதுவும் இதற்குத் துணை நிற்கவில்லை. அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பெயரைச் சொன்னால் ஊர் நடுங்கியது என்பதற்கு மட்டும் இது சாட்சி.

மறுபக்கமும் உண்டு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ஒரு செப்பேடு, பௌத்த ஸ்தூபி ஒன்றைக் கட்டிய கொடையாளர் பட்டியலில் கிங்கிலன், தோரமாணன் ஆகிய அல்கான் அரசர்களின் பெயரைச் சொல்கிறது. ஹெப்தலைட் நாட்டிலும் மதத்துக்காக யாரையும் நெருக்கியதாகத் தெரியவில்லை. 549இல் அங்கிருந்த கிறித்தவர்களுக்கு ஓர் ஆயர் வேண்டும் என்று அரசனே ஈரானுக்கு ஆள் அனுப்பியிருக்கிறான். தலிபான்கள் 2001இல் தகர்த்த பாமியான் புத்தர்களில் சிறியது 6ஆம் நூற்றாண்டின் நடுவிலோ இறுதியிலோ உருவானது என்று கரிமக் கணிப்பு சொல்கிறது. இந்த அரசு இருந்த காலத்திலோ, அது விழுந்த சூட்டிலோ செதுக்கியது. மடங்களை இடித்து நாசமாக்கிய பூமியில் 38 மீட்டர் உயரப் புத்தர் எழுந்திருக்க முடியாது.

வீழ்ச்சியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் அது அவ்வளவு வேகமாக நடந்தது. 550களில் கிழக்கே துருக்கியர்கள் புது வல்லரசாக எழுந்தார்கள். கவாதின் மகன் கோஸ்ரோ அவர்களோடு கூட்டுச் சேர்ந்தான். 560ஐ ஒட்டி புகாரா அருகே நடந்த போரில் ஹெப்தலைட் பேரரசு முடிந்தது. ஆமு தரியா ஆற்றுக்கு வடக்கே துருக்கியர், தெற்கே ஈரான் என்று நாட்டைப் பிரித்துக்கொண்டார்கள். 568இல் துருக்கியரின் தூதராகக் கான்ஸ்டான்டினோபிள் போன சமர்கண்ட் பக்கத்துச் சோக்திய வணிகர் மனியாக்கிடம் ரோமப் பேரரசர் ஜஸ்டின் கேட்டார்: ஹெப்தலைட்டுகள் கிராமங்களில் வாழ்கிறார்களா, நகரங்களிலா? நகரங்களில் என்று பதில் வந்தது. அப்படியானால் அந்த நகரங்களெல்லாம் இப்போது உங்களுடையவை என்றார் பேரரசர். கூடாரத்து அரசனைச் சோங் யுன் பார்த்து ஐம்பது ஆண்டுகூட ஆகவில்லை.

ஒரே போரில் எல்லாம் சரிந்ததற்குக் காரணம் மேலே சொன்னதுதான். உள்ளூர்ப் பிரபுக்களுக்கு எஜமான் மாறினார், அவ்வளவுதான். ரோப்பில் பத்திரங்கள் அதே கையெழுத்து மரபில் தொடர்ந்தன, வரி வாங்கும் ஆள் மட்டும் வேறு.

ஆனால் மக்கள் காணாமல் போய்விடவில்லை. இன்றைய மேற்கு ஆப்கானிஸ்தானின் ஹெராத், பாத்கிஸ் பக்கம் சிற்றரசர்களாக நீடித்தார்கள். அரபுப் படைகள் ஈரானின் கிழக்குப் பகுதியான குராசானுக்குள் வந்தபோது எதிர்த்து நின்றவர்களில் இவர்களும் உண்டு. பாத்கிஸின் நெசாக் தர்கான் அரபு ஆளுநர் குதைபா இப்னு முஸ்லிமோடு சில காலம் சமாதானமாக இருந்தான். 709இல் பல்க், தாலகான், ஃபார்யாப் என்று அக்கம்பக்கத்து அரசர்களையெல்லாம் கடிதம் எழுதித் திரட்டிக் கிளர்ந்தெழுந்தான். மலைக்கோட்டையில் மாதக்கணக்கில் முற்றுகை தாங்கிய அவனை, உயிருக்கு ஆபத்தில்லை என்று வாக்குக் கொடுத்து வெளியே வரவழைத்தார்கள். 710இல் தலையை வெட்டினார்கள். அந்த வட்டாரத்தில் அரபு ஆட்சியை எதிர்த்த கடைசிப் பெரிய கூட்டணி அதோடு உடைந்தது.

பெயர் மட்டும் இன்னும் கொஞ்ச காலம் வரைபடத்தில் இருந்தது. 10ஆம் நூற்றாண்டில் எழுதிய புவியியலாளர் அல்-முகத்தசி கிழக்கு மாகாணத்தை இரண்டாகப் பிரிக்கிறார்: ஆமு தரியாவுக்குத் தெற்கே குராசான், வடக்கே ஹைதல். ஹைதல் என்பது அரபியில் ஹெப்தலைட்டுகளின் பெயர். அவர்களுடைய தாயகமான பல்க்கும் குந்தூஸும் ஆற்றுக்குத் தெற்கே இருந்ததை அந்தப் பிரிவு கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.